மேல் தாடையை ஒரே நாளில் நகர்த்துவதா, மெல்ல இழுப்பதா: பிளவோடு பிறந்தவர்களுக்கு எது நிலைத்து நிற்கும்?

உதட்டுப் பிளவோடும் அண்ணப்பிளவோடும் பிறந்த பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது ஆகும்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். கைக்குழந்தையில் உதடு தைத்தாயிற்று, ஒரு வயதை ஒட்டி அண்ணம் மூடியாயிற்று, பேச்சுப் பயிற்சிக்கு அலைந்தாயிற்று, கம்பியும் போட்டாயிற்று. ஆனாலும் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியே இருக்கிறது, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் போய்க் கடிக்கின்றன. ஒரு மருத்துவர் மேல் தாடையை வெட்டி ஒரே ஆபரேஷனில் முன்னால் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கருவி மாட்டி தினம் கொஞ்சமாக இழுப்போம் என்கிறார். மூன்றாவது இடத்தில் இரண்டு தாடையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். குடும்பம் குழம்பிப்போய் நிற்கிறது.

நான் பல் சீரமைப்பு மருத்துவர், பிளவோடு பிறந்த பிள்ளைகளைப் பார்க்கும் குழுவில் வேலை. பெற்றோர் முதலில் கேட்பது எது சீக்கிரம் முடியும், எது செலவு குறைவு, எதில் முகம் நன்றாக வரும் என்பதைத்தான். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் வீக்கம் வடிந்த கையோடு பார்த்தால் எல்லா முறையிலும் முகம் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து, தாடை வைத்த இடத்தில் நிற்கிறதா இல்லை பின்னால் போய்விட்டதா என்று பார்க்கும்போது. அதனால் இந்தக் கட்டுரையில் முறைகளை அந்த ஒரு அளவுகோலை முன்னால் வைத்து ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாடை எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பதுதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் எந்த முறை வழக்கம் என்பது தீர்மானிக்கக் கூடாது. சின்ன தூரத்துக்கு ஒரே நாள் அறுவை போதும். பெரிய தூரத்துக்கு மெல்ல இழுப்பதே நல்லது. நடுவில் ஒரு பகுதி இருக்கிறது, உண்மையில் யோசிக்க வேண்டியது அங்கேதான்.

பிளவு இல்லாதவர்களுக்கும் மேல் தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை செய்கிறார்கள், அவர்களுக்கு அது பெரும்பாலும் நன்றாகவே நிற்கிறது. பிளவு உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் பின்வாங்குகிறது? முதல் காரணம் தழும்பு. அண்ணத்தை மூடியபோது உண்டான தழும்பு சாதாரண சதை மாதிரி நீளாது, முளையில் கட்டிய கயிறு மாட்டைப் பிடிப்பது போல தாடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தைப் பருவத்தில் தாடை முன்னோக்கி வளராமல் போனதற்கும் இந்தத் தழும்பு ஒரு முக்கியக் காரணம், ஆபரேஷனுக்குப் பிறகு பின்னால் இழுப்பதும் அதேதான். தைத்த மேல் உதடு இறுக்கமாக இருந்தால் அது முன்னாலிருந்து அழுத்தும். மூக்கால் பேசுவதைச் சரிசெய்ய தொண்டையின் பின்சுவரிலிருந்து சதையை எடுத்து மென் அண்ணத்தோடு ஒட்டியிருந்தால், அது இன்னொரு பிடிமானம். இதோடு எலும்பின் நிலைமையும் சேர்ந்துகொள்கிறது. ஈறு எலும்பில் பிளவு அடைபடாமல் இருந்தால் மேல் தாடை ஒரே துண்டாக இருக்காது. ஒரு பக்கப் பிளவில் இரண்டு துண்டு, இரு பக்கப் பிளவில் மூன்று துண்டு. பிளேட்டும் ஸ்க்ரூவும் பிடிக்க வேண்டிய இடங்களில் எலும்பு மெலிந்திருக்கும், சில பற்கள் பிறவியிலேயே இருக்காது, அதனால் கடித்துப் பொருந்தி நிற்க இரண்டு வரிசைக்கும் போதிய ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பலர் கவனிக்காதது. பிளவுத் தாடை உள்வாங்கி மட்டும் இருப்பதில்லை, பலருக்கு அது உயரத்திலும் குட்டையாக இருக்கும். சிரித்தால் மேல்பற்கள் தெரியாது, வாயை மூடினால் கீழ்த் தாடை மேலே ஏறி முன்னால் துருத்தும். ஆகவே தாடையை முன்னால் மட்டுமல்ல, கீழேயும் இறக்க வேண்டிவரும். தாடை அறுவைகளில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்று வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ப்ராஃபிட் குழுவினர் நீண்ட காலம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து ஒரு வரிசை போட்டார்கள். பிளவு இல்லாதவர்களிடமே மேல் தாடையை மேலே தூக்குவது மிக நன்றாக நிற்கிறது, முன்னால் கொண்டுவருவது ஓரளவு நன்றாக நிற்கிறது, கீழே இறக்குவதும் அகலப்படுத்துவதும் அந்த வரிசையின் கடைசியில் இருக்கின்றன. பிளவோடு பிறந்தவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முன்னால், கீழே, அகலம் என்ற மூன்றும் சேர்ந்தது. மூன்றில் இரண்டு, நிலைப்பதற்கு மிகக் கடினமான நகர்வுகள். தழும்பு வேறு. பின்வாங்கல் வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சரி, முறைகளுக்கு வருவோம்.

முதலாவது, பரவலாகச் செய்யப்படுவது, லெஃபோர்ட் ஒன்று என்ற வெட்டு. 1901இல் ரெனே லெஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று எழுதினார், அதில் மூக்கின் அடியிலிருந்து இரு பக்கமும் கிடையாகப் போகும் கோட்டின் பெயர்தான் இது. அந்தக் கோட்டிலேயே எலும்பை வெட்டி, பற்களோடு சேர்ந்த மேல் தாடையை விடுவித்து, முன்னால் வைத்து, டைட்டானியம் பிளேட்டுகளால் பிடித்துவிடுகிறார்கள். வெட்டு வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் புதுத் தழும்பு வராது. ஒரு அறுவை, சில நாள் மருத்துவமனை, சில வாரம் மெல்லத் தேவையில்லாத சாப்பாடு. படிப்பு, பரீட்சை, வேலை என்று நேரம் நெருக்கும் வயதில் இந்த எளிமை பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இதன் பலவீனம் பின்வாங்கல். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், பிளவு உள்ளவர்களிடம் நகர்த்திய தூரத்தில் கால் பங்கை ஒட்டிய அளவு திரும்பிப் போவதாகச் சொல்பவை நிறைய. 4 மில்லிமீட்டர் நகர்த்தி 1 மில்லிமீட்டர் திரும்பினால் கம்பி வைத்தே பற்களைச் சமாளித்துவிடலாம், முகத்திலும் யாருக்கும் தெரியாது. 10 மில்லிமீட்டர் நகர்த்தி இரண்டரை, மூன்று திரும்பினால் கடி, அதாவது மேல்பற்கள் கீழ்ப்பற்களோடு பொருந்துவது, மறுபடி தலைகீழாகும் இடத்துக்கு வந்துவிடும். விகிதம் ஒன்றுதான், விளைவு வேறு. பெரும்பகுதி பின்வாங்கல் முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் நடக்கிறது என்பதால் அந்தக் காலத்தில் யாரிடம் எத்தனை முறை போய்க் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம்.

இதைக் குறைக்க அறுவை மருத்துவர் செய்யக்கூடியவை உண்டு, அதையெல்லாம் செய்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. தாடையை வெட்டிய பிறகு எந்த இழுப்பும் இல்லாமல் விரலால் பிடித்து முன்னால் கொண்டுவரும் அளவுக்கு முழுதாகத் தளர்த்த வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஹூகோ ஒப்வேகேசர் என்ற அறுவை மருத்துவர் 1960களில் இதை வலியுறுத்திய பிறகுதான் இந்த அறுவையே நம்பகமாக மாறியது. பிளவுத் தாடையில் அதைச் செய்யப் பொறுமை வேண்டும், ஏனென்றால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே தழும்பால் குறைந்திருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் பல்லோ எலும்புத் துண்டோ பறிபோகும். இரு பக்கப் பிளவில் முன்பற்கள் இருக்கும் நடுத்துண்டுக்கு இந்த ஆபத்து அதிகம். வெட்டிய இடைவெளியில் எலும்பு ஒட்டு வைப்பது, பின்வாங்கலை எதிர்பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே முன்னால் வைப்பது, பிறகு சில வாரம் ரப்பர் போட்டு இழுத்துப் பிடிப்பது, இவை மற்றவை. கூடுதலாக வைப்பதற்கும் எல்லை உண்டு, இழுக்க இழுக்க தழும்பின் எதிர்ப்பும் கூடும்.

இரண்டாவது முறை மெல்ல இழுப்பது, டிஸ்ட்ராக்ஷன். இதன் வேர் சைபீரியாவில். குர்கான் என்ற ஊரில் கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் கால் எலும்பை வெட்டி, வெளியே வளையச் சட்டம் மாட்டி, தினமும் கொஞ்சமாக விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது என்று கண்டு அதை ஒரு சிகிச்சையாகவே வளர்த்தெடுத்தார். நியூயார்க்கில் ஜோசப் மெக்கார்த்தி குழந்தைகளின் கீழ்த் தாடையில் அதைச் செய்து 1992இல் வெளியிட்டார். 1997இல் சிகாகோவில் ஜான் பாலியும் அல்வாரோ ஃபிகரோவாவும் தலையில் மாட்டும் சட்டத்திலிருந்து மேல் தாடையை முன்னால் இழுக்கும் முறையை வெளியிட்டார்கள், அவர்கள் அதைப் பயன்படுத்தியதே பிளவால் தாடை மிகவும் உள்வாங்கியவர்களுக்குத்தான்.

இதிலும் அதே லெஃபோர்ட் வெட்டுதான். ஆனால் தாடையை அன்றே முன்னால் வைப்பதில்லை. சில நாள் சும்மா விட்டு, பிறகு தினமும் சுமார் 1 மில்லிமீட்டர், காலையில் பாதி மாலையில் பாதி என்று கருவியின் திருகைத் திருப்ப வேண்டும். தேவையான தூரம் வந்ததும் நிறுத்தி, புது எலும்பு கெட்டியாகும்வரை கருவியை அப்படியே விட வேண்டும், வெளிச்சட்டமானால் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், உள்ளே பொருத்தும் கருவியானால் மூன்று மாதமோ அதற்கும் மேலோ. எலும்பு மட்டும் வளர்வதில்லை, தழும்பும் உதடும் தசையும் அந்த மெதுவான இழுப்புக்குப் பழகி நீள்கின்றன. ஒரே நாளில் இழுத்தால் எதிர்க்கும் அதே தழும்பு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் இணங்கிவருகிறது. பெரிய தூரத்துக்கு இந்த முறை நிலைப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முக்கியமான ஆய்வு ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 47 பேர், எல்லோரும் பிளவோடு பிறந்தவர்கள், 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை தாடை முன்னால் வர வேண்டியவர்கள். யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், அதனால் மருத்துவரின் விருப்பம் உள்ளே நுழையவில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் ஒரே நாள் அறுவை செய்தவர்களின் தாடை பின்னாலும் மேலேயும் போயிருந்தது. மெல்ல இழுத்தவர்களின் தாடை அப்படிப் பின்வாங்கவில்லை. பேச்சில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மனநிலையையும் அளந்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. கருவி மாட்டியிருந்த காலத்தில் டிஸ்ட்ராக்ஷன் குழுவினரின் தன்மதிப்பு குறைந்திருந்தது, ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் போனபோது அவர்கள்தான் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள்.

உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் திரட்டிச் சலிக்கும் காக்ரேன் குழு 2016இலும் பிறகு 2018இலும் இந்தக் கேள்வியை எடுத்தது. அவர்களின் தரத்துக்குத் தேறியது அந்த ஒரே ஆய்வுதான், அதன் வேறுவேறு கட்டுரைகளைத்தான் சேர்த்துப் பார்க்க முடிந்தது. நிலைப்பதில் டிஸ்ட்ராக்ஷன் மேல் என்று சொன்னாலும், சான்றின் உறுதி மிகக் குறைவு என்று சேர்த்தே சொன்னார்கள். ஒரு மையம், 47 பேர். இதை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் டிஸ்ட்ராக்ஷன்தான் நிரூபிக்கப்பட்ட ஒரே வழி என்று சொன்னால் ஏற்காதீர்கள். எந்த வித்தியாசமும் கிடையாது என்று சொன்னாலும் ஏற்காதீர்கள்.

டிஸ்ட்ராக்ஷனின் விலையை நேர்மையாகச் சொல்ல வேண்டும், பணத்தை மட்டும் சொல்லவில்லை. வெளிச்சட்டம் என்றால் மண்டையோட்டில் ஸ்க்ரூக்கள் ஊன்றி, முகத்துக்கு முன்னால் ஒரு தண்டு தொங்க, வாரக்கணக்கில் இருக்க வேண்டும். தூங்குவது, குளிப்பது, தெருவில் நடப்பது, பேருந்தில் ஏறுவது எல்லாம் கஷ்டம். விழுந்தாலோ இடித்தாலோ சட்டம் நகரும். ஸ்க்ரூ ஊன்றிய இடத்தில் சீழ் பிடிக்கலாம், சின்னத் தழும்பு நிற்கலாம். இதில் ஒரு பெரிய நல்லது, இழுக்கும் திசையை நடுவில் மாற்ற முடியும், தாடை மேலே போகிறது என்று தெரிந்தால் கம்பியைச் சரிசெய்து கீழே இழுக்கலாம். உள்ளே பொருத்தும் கருவி கன்னத்துக்குள் மறைந்திருக்கும், கல்லூரிக்குக்கூடப் போகலாம், ஆனால் திசையை அறுவை மேசையிலேயே சரியாக வைக்க வேண்டும், பிறகு மாற்றுவது கடினம். கழற்ற இன்னொரு ஆபரேஷனும் வேண்டும். இரண்டிலுமே வீட்டில் யாராவது தினமும் தவறாமல், சரியான பக்கம் திருப்ப வேண்டும். இழுத்து முடிக்கும்வரை அடிக்கடி மருத்துவமனைக்கு வர வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து தினக்கூலிக்குப் போகும் குடும்பத்திடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு டிஸ்ட்ராக்ஷன்தான் சிறந்தது என்றால், பக்கத்தில் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதைச் செய்யாமல் நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது சரியல்ல.

மூன்றாவது முறை, இரண்டு தாடையையும் ஒரே நாளில் செய்வது. மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இருக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தாடையை 5 முன்னால் கொண்டுவந்து, கீழ்த் தாடையை 4 பின்னால் தள்ளினால் கடி சரியாகிவிடும். மேல் தாடை போகும் தூரம் குறைவதால் தழும்பின் எதிர்ப்பும் குறைகிறது, பின்வாங்கினாலும் அளவு சின்னது. கீழ்த் தாடை உண்மையிலேயே நீளமாக வளர்ந்திருப்பவர்களுக்கு, நடுத்தர இடைவெளி என்றால், என் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

ஆனால் இந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். பிளவு உள்ள பலருக்குக் கீழ்த் தாடை சரியான அளவில்தான் இருக்கிறது, மேல் தாடை உள்வாங்கியதால் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. அவர்களுக்குக் கீழ்த் தாடையையும் பின்னால் தள்ளினால் கடி சரியாகும், முகம் முழுக்கத் தட்டையாகிவிடும், நாக்குக்குப் பின்னால் மூச்சு போகும் வழியும் குறுகும். கீழ் உதட்டில் மரத்துப்போன உணர்வு வரலாம், சிலருக்கு அது முழுதாகத் திரும்பாது. சும்மா மில்லிமீட்டரைப் பாதியாகப் பிரிக்கும் வசதிக்காக நல்ல தாடையை வெட்டக் கூடாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீழ்த் தாடையின் நீளம் அந்த வயதுக்கு இயல்பா, அதிகமா என்று கேளுங்கள், பதிலை வைத்து முடிவெடுங்கள்.

நான்காவது, முன்பகுதியை மட்டும் இழுப்பது. மேல் தாடை முழுவதையும் விடுவிக்காமல், முன்கடைவாய்ப்பற்களை ஒட்டி வெட்டி, முன்பற்கள் இருக்கும் பகுதியை மட்டும், அண்ணத்தில் பொருத்திய திருகுக் கருவியால் மெல்ல முன்னால் தள்ளுவது. அண்ணத்தை அகலப்படுத்தப் போடும் ஹைரக்ஸ் கருவியையே முன்பின்னாகத் திருப்பி வைத்தது போல இருக்கும், பற்களிலேயே ஒட்டப்படும், வெளியே எதுவும் தெரியாது, செலவும் குறைவு. இந்தியாவில் பல பிளவு மையங்கள் இதைச் செய்கின்றன. வெட்டிய இடத்தில் உருவாகும் புது எலும்பில் நெருக்கியடித்து நிற்கும் பற்களை நகர்த்தலாம், இல்லாத பல்லுக்கு இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, தாடையின் பின்பகுதியும் மென் அண்ணமும் அசையவே இல்லை, ஆகவே பேச்சுக்கு ஆபத்து மிகக் குறைவு. குறை என்னவென்றால் மூக்கின் பக்கமும் கன்னமும் உள்வாங்கியது அப்படியேதான் இருக்கும், மேல் உதடும் பல் வரிசையும்தான் முன்னால் வரும். கருவியைத் தாங்கும் பற்கள் வலுவாக இருக்க வேண்டும், சிலருக்கு முன்துண்டு சாய்ந்து மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளி விழும். கன்னம் ஓரளவு நன்றாக இருந்து, கடி மட்டும் மோசமாக இருந்து, பேச்சு விளிம்பில் நிற்பவருக்கு இது மிக நல்ல வழி. இதைப் பற்றி யாருமே சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களே கேளுங்கள்.

கம்பியால் மட்டும் மேல்பற்களை முன்னால் சாய்த்துச் சமாளிப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிரச்சினைக்குச் சரி. அதற்கு மேல் செய்தால் பற்களின் எலும்பும் ஈறும்தான் பாதிக்கப்படும்.

பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மென் அண்ணம் மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டால்தான் ப, ட, க போன்ற ஒலிகளுக்கு வாயில் காற்றழுத்தம் வரும். தாடை முன்னால் போகும்போது மென் அண்ணமும் கூடவே போகிறது, தொட வேண்டிய தூரம் கூடுகிறது. இப்போதே மட்டுமட்டாக மூடுகிறவருக்கு அறுவைக்குப் பிறகு காற்று மூக்கில் கசிய ஆரம்பிக்கலாம், அப்பா என்று சொன்னால் அம்மா போலக் கேட்கலாம். இன்னொரு பக்கம், பல் வரிசை நேராவதால் ச, த, ஸ போன்ற ஒலிகள் பலருக்குத் தெளிவாகின்றன. மெல்ல இழுத்தால் பேச்சு கெடாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது, ஹாங்காங் முடிவுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஆகவே பேச்சுக்காக மட்டும் டிஸ்ட்ராக்ஷனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த முறையானாலும் அறுவைக்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்து, மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டு அண்ணம் எப்படி மூடுகிறது என்று பதிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் தேதி குறிப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பேச்சு மோசமானால் தாடை நன்றாக நிலைகொண்ட பிறகு, பொதுவாக ஆறு மாதமாவது கழித்து, அதற்கென்று அறுவை செய்யலாம் என்பதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லுங்கள், திடீரென்று குரல் மாறினால் பயந்துவிடுவார்கள்.

எந்த முறையாக இருந்தாலும், நிலைப்பதில் பாதி அறுவைக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எட்டு முதல் பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பு எலும்பிலிருந்து எடுத்து ஈறின் பிளவில் எலும்பு வைத்திருந்தால் மேல் தாடை ஒரே துண்டாக நகரும், பிளேட் பிடிக்கும், ரத்த ஓட்டமும் பாதுகாப்பு. அதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத் தாடை அறுவைக்கு முன்பாவது அதை முடித்துக்கொள்வது நல்லது. அடுத்தது வளர்ச்சி. கீழ்த் தாடை பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வரையும் ஆண்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வரையும், சிலருக்கு அதற்குப் பிறகும் வளரும். அதற்குள் மேல் தாடையை நகர்த்திவிட்டால் அது அங்கேயே நின்றாலும் கீழ்த் தாடை வளர்ந்து முந்திவிடும், குடும்பத்துக்கு ஆபரேஷன் தோற்றுப்போனதாகத் தெரியும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ இடைவெளி விட்டு எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதி செய்யலாம். மூச்சுத் திணறல், மிகக் கடுமையான உருவ வேறுபாட்டால் பள்ளிக்கே போகாமல் ஒடுங்கிப்போவது போன்ற காரணங்களுக்காகச் சின்ன வயதிலேயே டிஸ்ட்ராக்ஷன் செய்வதுண்டு, அது நியாயமும்கூட. ஆனால் பெரியவனானதும் இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடைவெளியை எப்போது அளக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உடம்பு தானாகவே ஈடுகட்டப் பார்க்கும், கீழ் முன்பற்கள் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். அறுவைக்கு முன் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கம்பி போட்டு அவற்றை நிமிர்த்தினால் கடி இன்னும் மோசமாகத் தெரியும், அதுதான் உண்மையான இடைவெளி. முதல் நாள் 6 என்று தோன்றியது கம்பி முடியும்போது 9 ஆகலாம். முதல் நாள் எண்ணை வைத்து முறையை முடிவு செய்திருந்தால் அந்த முடிவைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

இப்போது என் கணக்கு. உண்மையான இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள், ஈறில் எலும்பு வைத்தாயிற்று, தழும்பு மிதமானது: லெஃபோர்ட் ஒரே நாள் அறுவை, தயங்க வேண்டாம். 10ஐத் தாண்டுகிறது, அல்லது அண்ணத்தில் பலமுறை அறுவை நடந்து பலகை போல இறுகியிருக்கிறது: டிஸ்ட்ராக்ஷன், அதற்கான கஷ்டங்களோடு. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில், கீழ்த் தாடை நீளமென்றால் இரண்டு தாடை அறுவை. கீழ்த் தாடை இயல்பாக இருந்து, கன்னமும் உள்வாங்கியிருந்தால் நான் டிஸ்ட்ராக்ஷன் பக்கம் சாய்கிறேன். பேச்சு விளிம்பில், கன்னம் பரவாயில்லை என்றால் முன்பகுதி இழுப்பு. மருத்துவர்கள் எல்லோரும் இதே எல்லைகளை வைப்பதில்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அங்கே இங்கே இருக்கும், இந்த அறுவைகளை நிறையச் செய்த கை என்பதும் கணக்கில் வரும். டிஸ்ட்ராக்ஷனை எப்போதாவது ஒரு தடவை செய்யும் இடத்தைவிட, லெஃபோர்ட்டைப் பிளவு நோயாளிகளுக்கே வழக்கமாகச் செய்யும் குழுவிடம் நடுத்தர இடைவெளியை ஒப்படைப்பது மேல்.

ஆபரேஷனுக்குப் பிறகு கம்பியை அவசரப்பட்டுக் கழற்றச் சொல்லாதீர்கள். அகலப்படுத்திய பிளவுத் தாடை மறுபடி குறுகும் சுபாவம் கொண்டது, பற்களை இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் பல வருஷம், பலருக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும், இல்லாத பல்லுக்குப் பாலமோ இம்ப்ளான்ட்டோ வைத்தால் வரிசைக்கு அதுவும் ஒரு பிடிப்பு. கடி பொருந்தியிருப்பதை மட்டும் பார்த்துத் தாடை நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது, எலும்பு பின்னால் போய்ப் பற்கள் சாய்ந்து மறைத்திருக்கலாம். அறுவை முடிந்த உடனேயும், ஆறு மாதத்திலும், ஒரு வருஷத்திலும், இரண்டு வருஷத்திலும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பிரதியை உங்கள் கையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு உதவியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில், ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள், உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் உண்டு, ஆனால் அது பதினெட்டு வயது வரைதான். தாடை அறுவைக்குச் சரியான வயது பலருக்கு அந்த எல்லையைத் தாண்டித்தான் வருகிறது. அதற்காக வளர்ச்சி முடியும் முன்பே அறுவையை முன்னுக்குத் தள்ளாதீர்கள். எலும்பு ஒட்டு, பேச்சுப் பரிசோதனை, பல் இல்லாத இடத்துக்கான திட்டம் எல்லாவற்றையும் பதினெட்டுக்குள் முடித்துவிட்டு, தாடை அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த முறைக்கு எவ்வளவு கிடைக்கும், டிஸ்ட்ராக்ஷன் கருவியின் விலை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கம்பி போட ஆரம்பிக்கும்போதே.